எச்சரிக்கைக்கு எந்தப் பாஷை?

எங்கள் பெரியம்மா மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். வயது எழுபத்தெட்டு. ஐந்தாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் படிப்பை அவள் நிறுத்தவில்லை. மளிகைச் சாமான் கட்டி வரும் காகிதத்தைக்கூட நீவிவிட்டு, இரண்டு பக்கமும் படித்த பிறகுதான் கீழே போடுவாள். என் தொடர்கதை ஒன்றில் கதாநாயகியின் தகப்பனார் பெயரை ஒன்பதாம் அத்தியாயத்தில் மாற்றி எழுதிவிட்டேன் என்பதைக் கடிதம் போட்டுத் தெரிவித்த ஒரே வாசகி அவள்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு கனடாவில் டொரான்டோ நகரத்தில் வேலை பார்க்கும் அவளுடைய பேரன் ஊருக்கு வந்திருந்தான். வரும்போது பாட்டிக்காக ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் வாங்கி வந்தான். அதை எப்படி உபயோகிப்பது என்று சொல்ல அவனுக்கு அவகாசம் இல்லை. பதினைந்து நாள் லீவில் கல்யாணம் இரண்டு, கோயில் நாலு. போகிற அவசரத்தில், தன் கைப்பேசிக்கு மின்னேற்றிக் கொள்வதற்காகச் சுவரில் மாட்டியிருந்த மாற்றுப் பிளக்கையும் மறந்து விட்டுப் போனான்.

மார்கழி மாதம். விடியற்காலையில் குளிர். வெந்நீர் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா கெட்டிலை எடுத்தாள். அதன் தட்டையான இரண்டு கால்களும் நம் ஊர்ப் பிளக் பாயிண்டில் நுழையவில்லை. பேரன் விட்டுப்போன மாற்றுப் பிளக்கில் பொருந்தின. “அவன் சாமானும் அதே ஊரிலிருந்து வந்தது, இதுவும் அதே ஊரிலிருந்து வந்தது. அதை இதில்தானே செருகினான்?” என்பது அவளுடைய நியாயம். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஸ்விட்சைப் போட்டாள். கெட்டில் வழக்கத்துக்கு மாறாகச் சீறியது. ஒரு நிமிஷத்துக்குள் நாற்றம், பிறகு புகை, மாற்றுப் பிளக் உருகி வழிந்தது. பதறிப்போய் அதைப் பிடுங்கப் போனாள். நல்ல வேளையாக அதற்குள் வீட்டு பியூஸ் போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் கொப்புளித்ததோடு ஆபத்து நீங்கியது.

மறு வாரம் நான் போனேன். கெட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் வெள்ளித்தாள் போல ஒரு லேபிள். அதில் எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது: தண்ணீரில் முக்காதே, வெறுங் கெட்டிலாக ஸ்விட்ச் போடாதே, 120 வோல்ட், 1500 வாட். இங்கிலீஷில் ஒரு தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கானால், கெட்டிலின் கம்பிச் சுருள் ஏறக்குறைய நாலு மடங்கு மின்சாரத்தைக் குடிக்கிறது. 1500 வாட் கெட்டில் 5500 வாட் உலைக்களமாகிவிடுகிறது. கைப்பேசியின் மின்னேற்றியோ 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் தாங்கும்படி செய்யப்பட்டது. அதனால்தான் அது பிழைத்தது.

இதையெல்லாம் பெரியம்மாவுக்கு விளக்கினேன். அவள் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த 120-ஐ நானும் பார்த்தேன் தம்பி. என்ன 120-ன்னுதான் தெரியலே. சூடாக்கும், விலையாக்கும்னு நினைச்சேன்” என்றாள். பிறகு, “ரெண்டு பாஷையிலே எழுதியிருக்குங்கிறியே, அவன் எதுக்கு ரெண்டு பாஷையிலே எழுதினான்? ரெண்டு எழுதினவனுக்கு மூணாவது எழுத என்ன கஷ்டம்?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கெட்டில் நம் நாட்டில் விற்பதற்காகச் செய்ததல்ல. ஒரு பெட்டிக்குள் துணிமணிகளோடு வந்தது. ஆகவே செய்தவன் மேல் பழி இல்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒரு சாமான் தன்னை வாங்குகிறவனிடம் “ஜாக்கிரதை” என்று எந்தப் பாஷையில் சொல்லவேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? எப்போதிருந்து தீர்மானிக்கிறார்கள்? துருவிப் பார்த்ததில் கிடைத்த கதையை நேயர்களுக்குச் சொல்கிறேன்.

கதை சிகாகோவில் தொடங்குகிறது. 1893-ம் வருஷம் அங்கே நடந்த உலகக் கண்காட்சியில் மின்சார விளக்குகள் ஆயிரக்கணக்கில் எரிந்தன. பார்த்தவர்கள் பிரமித்தார்கள், தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் மட்டும் பயந்தார்கள். மின்சாரக் கம்பிகளைப் பரிசோதிப்பதற்காக வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் இஞ்சினீயரை அங்கே அனுப்பினார்கள். அவர் மறு வருஷமே, 1894-ல், ஒரு சிறிய சோதனைச்சாலையை ஆரம்பித்தார். அமெரிக்கச் சாமான்களில் இன்றும் ‘யூ எல்’ என்று வட்டத்துக்குள் காணும் முத்திரை அந்தச் சோதனைச்சாலையின் வம்சத்தில் வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த முத்திரையின் பேச்சு இன்ஷூரன்ஸ்காரனோடும் இன்ஸ்பெக்டரோடும்தான். “என்னைச் சோதித்துவிட்டார்கள்” என்று அது அவர்களிடம் சொல்லிற்று. வீட்டில் ஸ்விட்சைப் போடப்போகிற அம்மாளிடம் அதற்குப் பேச்சில்லை. வோல்ட், வாட் என்று தகட்டில் பொறித்த எண்களும் தொழில்காரர்களின் சங்கேதங்களே.

தொழில்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷையைத் திருத்தி அமைப்பதில் வெகு சிரத்தை காட்டினார்கள். 1904-ல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மின்சார நிபுணர்கள், எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான ஒரு சபை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1906-ல் லண்டனில் சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் பிறந்தது. முதல் தலைவர் கெல்வின் பிரபு. இந்தச் சபை 1938-ல் ஓர் அகராதியை வெளியிட்டது. மின்சாரக் கலைச்சொற்களுக்குப் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் விளக்கம். அத்துடன் ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் ஆகியவற்றில் இணைச் சொற்கள். ஆறாவதாக எஸ்பெராண்டோ! உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கிய பாஷை அது. எவருடைய தாய்ப்பாஷையாகவும் இல்லாமல் பிறந்த ஒரு பாஷைக்கு அந்தப் பந்தியில் இலை போட்டிருந்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் பேசும் எத்தனையோ பாஷைகளுக்குப் போடவில்லை. அவர்கள் மேல் கோபித்துப் பயனில்லை. அந்தப் பந்திக்கு வந்த விருந்தாளிகள் இஞ்சினீயர்கள். பெரியம்மாக்களை யாரும் அழைக்கவில்லை.

இஞ்சினீயர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதால் மட்டும் ஜனங்களுக்கு ஆபத்து நீங்கிவிடவில்லை. சிவப்புக் கம்பியின் கதையைக் கேளுங்கள்.

மின்சாமானின் வடத்துக்குள் மூன்று கம்பிகள் இருக்கின்றன. நம் வயர்மேன்கள் பேஸ், நியூட்ரல், எர்த் என்பார்கள். பேஸ் கம்பியில்தான் ஆபத்து. எர்த் கம்பி சாமானின் உலோக உடம்போடு சேர்ந்திருக்கும், அதுதான் காவல். ஜெர்மனியில் 1960-களின் நடுப்பகுதி வரை இந்தக் காவல் கம்பிக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்திலோ சிவப்பு என்றால் பேஸ். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சாமான்களைப் பெரும்பாலும் பிளக் இல்லாமல்தான் விற்பார்கள். வாங்கிப் போகிறவர் வீட்டில் உட்கார்ந்து, தாமே ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மன் சாமான் ஒன்றை வாங்கிய ஆங்கிலேயர், தமக்குச் சிறு வயதிலிருந்து தெரிந்தபடி சிவப்பைப் பேஸில் முடுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே அந்தச் சாமானின் உலோக உடம்பு முழுவதிலும் மின்சாரம் பாய்கிறது. அவர் தவறாக எதையும் செய்யவில்லை. கம்பி ஒரு பாஷையில் பேசிற்று. அவர் வேறொரு பாஷையில் புரிந்துகொண்டார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, ஐரோப்பிய தேசங்கள் புது நிறங்களுக்கு உடன்பட்டன: பேஸுக்குப் பழுப்பு, நியூட்ரலுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த பட்டை. சிவப்பையே சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஒற்றை நிறமாக இல்லாமல் பட்டையாக இருப்பதால், நிறம் சரியாகத் தெரியாத கண்ணுக்கும் எர்த் கம்பி அடையாளப்படும். இங்கிலாந்தில் 1969-ல் இதைச் சட்டமாக்கினார்கள். பழைய நிறங்களில் பழகிய ஜனங்களுக்குப் புது நிறங்களை யார் சொல்லிக்கொடுப்பது? சாமான்களின் வடத்திலேயே ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். “பச்சை மஞ்சள் எர்த், நீலம் நியூட்ரல், பழுப்பு பேஸ்” என்று அந்தச் சீட்டு சொல்லிற்று. நிறம் என்பது எல்லோருக்கும் பொதுவான பாஷை என்று நினைத்தார்கள். அதற்கே ஓர் அகராதியை, ஜனங்கள் பேசும் பாஷையில், கட்டித் தொங்கவிட வேண்டி வந்தது. 1994-ல் அங்கே வேறொரு விதி வந்தது. வீட்டுச் சாமான்களைப் பிளக் மாட்டியே விற்கவேண்டும் என்று. அதன் பிறகு அந்தச் சீட்டுக்கு வேலை குறைந்துவிட்டது.

சரி, பெரியம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். கெட்டிலில் எதற்கு இரண்டு பாஷை?

அந்தப் பிரெஞ்சு எழுத்துக்களை யாரும் தருமத்துக்குப் போடவில்லை. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்களே பெரும்பான்மையோர். அப்படியிருந்தும் வியாபாரமும் தொழிற்சாலையும் வெகு காலம் இங்கிலீஷில்தான் நடந்தன. 1969-ல் கனடாவின் மத்திய சர்க்கார் இரண்டையும் ஆட்சிமொழியாக்கியது. 1970-களில், பொட்டலப் பொருள்களின் மேல் சட்டப்படி எழுதவேண்டிய விவரங்களை இரு பாஷையிலும் எழுதவேண்டும் என்று விதி வந்தது. 1977-ல் கியூபெக் தன் மொழிச் சாசனத்தை இயற்றியது. அந்த மாகாணத்தில் விற்கும் சாமானின் மேலுள்ள வாசகம் பிரெஞ்சில் இருந்தாக வேண்டும். வேறு பாஷையும் உடன் இருக்கலாம். ஆனால் அது பிரெஞ்சைவிட எடுப்பாக இருக்கக்கூடாது. இங்கிலீஷுக்கு ஈடான உயரத்தில் பிரெஞ்சு எழுத்துக்கள் கெட்டிலின் அடியில் நின்றதற்குப் பின்னால் இப்படி ஒரு சரித்திரம் இருக்கிறது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. அதுவும் நீண்ட நாள் கேட்ட பிறகு.

ஐரோப்பாவில் கேள்வி வேறு விதமாக எழுந்தது. அங்கே ஒரே சந்தை, பாஷைகளோ ஏராளம். 1973-ல் பொதுச்சந்தைத் தேசங்கள் வீட்டு மின்சாமான்களுக்கு ஒரு பொதுவான பாதுகாப்புச் சட்டம் செய்தன. சாமானை ஆபத்தில்லாமல் உபயோகிக்கத் தேவையான விவரங்களை அதன் மேலேயே குறிக்கவேண்டும், முடியாவிட்டால் கூட வரும் தாளில் குறிக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். எந்தப் பாஷையில் என்று அது சொல்லவில்லை.

அதைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு தண்ணீர்ப் புட்டி. பெல்ஜியத்தில் பிளெமிஷ் பாஷை பேசும் பகுதியில் ஒரு வியாபாரி, பிரான்ஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த குடிநீர்ப் புட்டிகளைப் பிரெஞ்சு, ஜெர்மன் லேபிள்களோடு அப்படியே விற்றார். அந்தப் பகுதியின் பாஷையில் லேபிள் வேண்டும் என்று வழக்கு வந்தது. 1991-ல் ஐரோப்பிய நீதிமன்றம், வாங்குகிறவர்களுக்கு எளிதில் புரியும் வேறு பாஷையையும் அனுமதிக்காமல், அந்த வட்டாரத்து பாஷை ஒன்றில்தான் எழுதவேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரக்கு தடையில்லாமல் போவதற்காகச் சொன்னது. பாஷைக்காரர்களுக்கு அது இனிக்கவில்லை. ஆனாலும் ‘வாங்குகிறவருக்கு எளிதில் புரியும் பாஷை’ என்ற கருத்தை அது நடுவில் கொண்டுவந்து வைத்தது. 1973-ன் மின்சாமான் சட்டத்தை 2014-ல் புதிதாக எழுதியபோது, பாதுகாப்பு விவரங்கள் உபயோகிப்பவருக்கு எளிதில் புரியும் பாஷையில் இருக்கவேண்டும், அது எது என்பதை அந்தந்தத் தேசம் தீர்மானிக்கட்டும் என்று சேர்த்தார்கள். அத்துடன், எழுதுவது தெளிவாகவும் விளங்கும்படியாகவும் இருக்கவேண்டும் என்றும் ஒரு வாக்கியம் சேர்ந்தது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அது நமக்குத் தேவைப்படும்.

உலக அளவிலும் ஒரு விதி உண்டு. கெல்வின் பிரபு முதல் தலைவராக இருந்த அதே கமிஷன், வீட்டு மின்சாமான்களுக்கென்று வகுத்திருக்கும் நியமத்தில், எச்சரிக்கை வாசகங்கள் ‘சாமான் விற்கப்படும் தேசத்தின் ஓர் ஆட்சிமொழியில்’ இருக்கவேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் ‘ஓர்’ என்ற சின்னச் சொல்லைப் பாருங்கள். ஒரே பாஷையுள்ள தேசத்தில் அந்தச் சொல் எல்லோரையும் காப்பாற்றிவிடும். பல பாஷைகள் உள்ள தேசத்தில் ஒரு பாஷையை எழுதிவிட்டு, விதியை நிறைவேற்றினோம் என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடலாம்.

பாஷையே வேண்டாம், படம் போட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கமிஷனாரும் அப்படித்தான் எண்ணினார்கள். 1973-ல் மின்சாமான்களுக்கான சித்திரக் குறிகளை ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். சதுரத்துக்குள் ஒரு சதுரம், ஒடிந்த மின்னல் அம்பு, கோடும் வட்டமுமான ஸ்விட்ச் அடையாளம் முதலியவை அந்த வழியில் வந்து இன்று நம் வீடெங்கும் இருக்கின்றன. அந்தச் சதுரத்துக்குள் சதுரத்துக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ‘இரட்டைக் காப்பு உடையது, எர்த் தேவையில்லை’ என்பது அதன் பொருள்.

படத்தை நம்பிக் கெட்ட கதை ஒன்று இருக்கிறது. மின்சாரத்தைச் சேர்ந்ததல்ல, ஆனால் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. 1971-ல் இராக் தேசத்தில் பஞ்சம் போன்ற நிலை. மெக்ஸிகோவிலிருந்து விதைக் கோதுமை மூட்டை மூட்டையாக வந்தது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அதில் பாதரச விஷம் பூசியிருந்தார்கள். மூட்டைகளில் எச்சரிக்கை இருந்தது. ஸ்பானிஷிலும் இங்கிலீஷிலும்! மண்டையோட்டுப் படமும் இருந்தது. அரபியும் குர்தியும் பேசும் குடியானவர்களுக்கு அந்த எழுத்தும் புரியவில்லை; அந்தப் படத்துக்கு விஷம் என்று பொருள் என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விதைக்கிற பருவம் தாண்டிப் பல இடங்களுக்கு மூட்டை போய்ச் சேர்ந்தது. ரொட்டி சுட்டுத் தின்றார்கள். ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் மட்டும் 459 பேர் என்பது சர்க்கார் கணக்கு.

அதே மண்டையோடு நம் ஊர் மின்சாரக் கம்பத்திலும் தொங்குகிறது. நம் ஊர்க் குழந்தைகள் மட்டும் அதைப் பார்த்து ஒதுங்குவானேன்? அதன் கீழே ‘அபாயம்’ என்று தமிழில் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அண்ணன் படிக்கத் தெரியாத தம்பிக்குச் சொல்கிறான். அந்தச் சொல்தான் படத்துக்கு அர்த்தம் கற்றுக்கொடுத்தது.

அந்தச் சொல் அங்கே தானாக வந்துவிடவில்லை. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 35-வது விதி, மின் அமைப்புகளில் வைக்கும் அபாய அறிவிப்பு ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ இருப்பதோடு, அந்த ஜில்லாவின் பாஷையிலும் இருக்கவேண்டும், மண்டையோடும் எலும்பும் வரையவேண்டும் என்று கட்டளையிட்டது. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் வகுத்த விதிகளிலும் இது தொடர்ந்தது. ஜில்லாவின் பாஷை! அதை எழுதியவர் யாரோ, கம்பத்தின் கீழே யார் நிற்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்திருக்கிறார். சிங்கப்பூரில் அபாயப் பலகைகளில் இங்கிலீஷ், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழையும் காணலாம். அங்கேயும் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பெரியம்மா வீட்டு அலமாரியிலிருந்து மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீரில் முக்கும் ஹீட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் இந்தியாவில் செய்து, நம் ஊர்க் கடையிலேயே வாங்கியவை. எல்லாவற்றிலும் இங்கிலீஷ். சிலவற்றில் ஹிந்தி. தமிழ் ஒன்றிலும் இல்லை. 2011-ம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகள், கட்டாய விவரங்கள் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ இருக்கவேண்டும், வேறு பாஷையைக் கூடச் சேர்த்துக்கொள்வதற்குத் தடையில்லை என்கின்றன. தடையில்லை என்றால் கட்டாயமும் இல்லை. ஆகக்கூடி, தெருவில் முப்பதடி உயரத்தில் ஓடும் மின்சாரத்துக்குத் தமிழ் தெரிகிறது. அதே மின்சாரம் வாசற்படி தாண்டி, பெரியம்மாவின் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தவுடன் தமிழை மறந்துவிடுகிறது.

கனடாக் கெட்டிலை மன்னித்துவிட்டேன். அதற்குப் பெரியம்மாவைத் தெரியாது. இந்த ஹீட்டரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

லேபிளால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் தலைமயிர் உலர்த்தும் கருவி குளிக்கும் தொட்டிக்குள் விழுந்து பலர், அதிலும் குழந்தைகள், மாண்டார்கள். தண்ணீருக்கருகில் வைக்காதே என்று அவர்களுடைய சொந்த பாஷையில்தான் எழுதியிருந்தது. 1991 முதல், தண்ணீர் பட்டவுடன் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளக்கைக் கட்டாயமாக்கினார்கள். சாவுகள் ஏறக்குறைய நின்றேபோயின. பேரனுடைய மின்னேற்றியும் அந்த ஜாதிதான். யாரையும் எச்சரிக்காமலே காப்பாற்றிற்று. ஆபத்தையே எடுத்துவிட முடியுமானால் அதுதான் உத்தமம். எடுக்க முடியாமல் மிஞ்சுகிற ஆபத்தை, அதைத் தொடப்போகிறவருக்குப் புரியும்படி சொல்லிவிடுவது கடமை. முன்னதைச் செய்யாதவர்கள் பின்னதையும் செய்யாமல் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானம் நானே ஒரு காரியம் செய்தேன். வெள்ளைக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தமிழ் லேபிள் எழுத உட்கார்ந்தேன். மிக்ஸிக்கு, ‘மின்சாதனத்தை நீரில் அமிழ்த்துதல் கூடாது’ என்று எழுதினேன். எழுத்தாளன் அல்லவா! பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“யாரு தம்பி அமிழ்த்தப் போறா? கழுவத்தானே போறா?” என்றாள்.

எளிதில் புரியும் பாஷையில் எழுதினால் மட்டும் போதாது, விளங்கும்படியும் எழுதவேண்டும் என்று ஐரோப்பாக்காரர்கள் 2014-ல் சேர்த்த இரண்டாவது வாக்கியம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழுவு. அடிப்பாகத்தைக் கழுவாதே’ என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஹீட்டருக்கு, ‘ஸ்விட்சை நிறுத்தாமல் தண்ணீரில் கை வைக்காதே’ என்று எழுதினோம். மேலே ஒட்டுக் காகிதம் போட்டு ஒட்டினோம்.

போன தடவை போயிருந்தபோது பார்த்தேன். காகிதம் பழுத்துப்போயிருந்தது; எழுத்து அழியவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் பெண், மிக்ஸியைக் கையில் எடுத்தவள், அதை ஒரு தடவை பார்த்தாள். திரும்பிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து கழுவ ஆரம்பித்தாள்.